பதினோராவது வளைவில் விழுந்த செயின்

டீச்சர்,

இன்று காலை உங்கள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். பின்சக்கரத்தைச் சுற்றியதும் தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், மண் ஒட்டும் என்று குறைந்தது பத்துத் தடவை சொல்லியிருப்பேன். அதற்கென்று தனி எண்ணெயே வாங்கிக் கொடுத்தேன். அதைத் தையல் மெஷினுக்குப் போட்டுவிட்டு, தலைக்கு வைப்பதைச் செயினுக்கு ஊற்றியிருக்கிறீர்கள். எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது, இன்றைக்கு உறுதியாகிவிட்டது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். கறுப்பாக இறங்கியது. வாசம் மட்டும் முழுதாகப் போகவில்லை. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்திருக்க எனக்குப் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு அப்படித்தான் எழுந்தேன்.

சைக்கிளைக் கொண்டுவந்து கொடுத்தது உங்கள் வீட்டுக்காரர், சார்தான். வரிச்சிக்குடியிலிருந்து கோட்டுச்சேரியில் இருக்கும் என் வீடுவரைக்கும், ஓட்டாமல் தள்ளிக்கொண்டே வந்தார். பாரீஸிலிருந்து உங்கள் நாத்தனார் பெட்டியில் போட்டு அனுப்பிய சைக்கிள். "வீட்ல சும்மா நிக்கிது தம்பி. நின்னா துருப்பிடிச்சிடும்னு அவ சொல்லுவா" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தார்.

இந்தக் கடிதத்தை எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். எதையும் ஏன் என்று கேட்காமல் விட்டதில்லையே நீங்கள். கடைசியில் சொல்கிறேன்.

போன வருடம் சித்திரையில் ஒரு சாயங்காலம் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். நான் துறைமுகத்தில் கன்வேயர் பராமரிப்பு வேலை முடித்து வந்து, மறுநாள் பயிற்சிக்காக டயரில் காற்றடித்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் எனக்குக் கணக்கு எடுத்தவர் வாசலில் வந்து நின்றால், இருபத்தேழு வயதிலும் கை தானாக, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிடுகிறது.

"நீ ஏதோ மலை ஏறப்போறியாமே?"

"ஆமா டீச்சர். ஏற்காட்டுக்கு. காது கேக்காத புள்ளைங்களுக்கு மெஷின் வாங்கிக் கொடுக்குற டிரஸ்ட் நடத்துறது. மொத்தம் நூறு கிலோமீட்டர். கீழ எண்பது, மலையில இருபது. புரட்டாசியில."

"எனக்கும் பேர் குடு."

நான் யோசிக்கவேயில்லை. "உங்களால முடியாது டீச்சர்" என்றேன்.

உங்களுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. முப்பது வருடமாகச் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தீர்கள், அது வேறு. வரிச்சிக்குடிக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு மேடு கிடையாது. நம் காரைக்காலில் மேடு என்று பேர் வைத்த ஊர்கூடக் கடல் மட்டத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் கோபப்படவில்லை. "முடியாதுங்கிறது விடை. ஸ்டெப் எங்க?" என்றீர்கள்.

பழைய வழக்கு இது. எனக்கு விடை சட்டென்று தெரிந்துவிடும். நடுவில் உள்ளதை எழுதப் பொறுமை இருக்காது. விடை சரியாக இருந்தும் பத்துக்கு மூன்று போட்டு நோட்டைத் தூக்கிப் போட்டவர் நீங்கள். அன்றைக்கும் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தைக் கொடுத்து எழுதச் சொன்னீர்கள். உங்கள் எடை, சைக்கிளின் எடை, மலையின் சரிவு, எவ்வளவு நேரம், அதற்குக் கால் எவ்வளவு சக்தி கொடுக்க வேண்டும், எல்லாம் போட்டேன். நீங்கள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தீர்கள்.

"எடையில ஆறு கிலோ குறைச்சா?"

"அப்பவும் கஷ்டம்."

"கஷ்டமா, முடியாதா? ரெண்டும் ஒண்ணு இல்ல."

மறுபடி போட்டேன். கஷ்டம் என்றுதான் வந்தது. அதை ஒப்புக்கொண்டதும் பேனாவை வாங்கிப் படிவத்தில் உங்கள் பெயரை நீங்களே எழுதினீர்கள்.

எதற்காக என்பதை அன்றைக்குச் சொல்லவில்லை. ஆடி மாதம், கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரையில் வைத்துச் சொன்னீர்கள். ஆறாம் வகுப்பில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, நிவேதா. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கேள்வி கேட்டால் ஜன்னலைப் பார்ப்பாள். திமிர் என்று நினைத்து நீங்கள் அவளை ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தீர்கள். பிறகுதான் பள்ளிக்கு வந்த முகாமில் தெரிந்தது, அவளுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை என்று. அந்த டிரஸ்ட்தான் அவளுக்குக் கருவி கொடுத்தது. மாட்டிய அன்றைக்கு, நீங்கள் கரும்பலகையில் எழுதும் சத்தத்துக்கு அவள் நிமிர்ந்து பார்த்தாளாம்.

"ஒரு வாரம்டா. வெயில்ல. எதுக்கு நிக்கிறோம்னே தெரியாம நின்னுருக்கு அந்தப் புள்ள" என்றீர்கள். "இப்ப அதோட தங்கச்சிக்கும் அதே மாதிரியாம். நாலு வயசு. ஏறி முடிக்கிற ஒவ்வொருத்தர் பேர்லயும் ஒரு புள்ளைக்கு மெஷின்னு போட்டிருக்கான்ல? என் பேர்ல வர்றது அந்தச் சின்னதுக்கு. நான் கேட்டு எழுதி வாங்கிட்டேன்."

"நீங்க முடிக்காட்டியும் குடுப்பாங்க டீச்சர். யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க."

"எனக்கு கிரேஸ் மார்க் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மிதியில் காலை வைத்தீர்கள்.

மலையில்லாத ஊரில் மலைக்கு எப்படிப் பழகுவது? என் கணக்கு எளிமையானது. ஆடியில் மேல்காற்று அடிக்கும். கோட்டுச்சேரிமேட்டில் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்பினால், வயல்வெளியில் தடுக்க ஒன்றும் கிடையாது. எதிர்காற்றில் மிதிப்பதும் மேட்டில் மிதிப்பதும் காலுக்கு ஒன்றுதான் என்றேன். விடிகாலை ஐந்து மணிக்குக் கடற்கரையில் தொடங்கி, கோட்டுச்சேரி, வரிச்சிக்குடி தாண்டி மேற்கே முப்பது கிலோமீட்டர். திரும்பி வருவது சும்மா, காற்றே தள்ளிவிடும். போகிற வழியில் உங்கள் வீட்டு வாசலில் சார் பிளாஸ்க்கோடு நிற்பார். ஊரில் எல்லாரும் அவரை "முசே" என்பார்கள். பழைய பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். இரண்டு பேச்சுக்கு ஒரு பிரெஞ்சு வார்த்தை. கையை உயர்த்தி "போன் ரூத்!", அதாவது வழி நல்லபடியாக அமையட்டும், என்று வழியனுப்புவார்.

"வழியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அடிக்கிற காத்துக்கு உங்க பாஷையில ஏதாச்சும் சொல்லி அனுப்புங்க" என்பீர்கள் திரும்பிப் பார்க்காமலே.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் மேம்பாலம். நமக்குத் தெரிந்த உயரம் அது ஒன்றுதான். ஏறி இறங்கி, திரும்பி ஏறி இறங்கி, நாற்பது தடவை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "மெதுவா போறீங்க", "இடுப்ப ஆட்டாதீங்க", "பேசாதீங்க, மூச்சு வீணாகுது" என்று கத்துவேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. முதல்முறையாகச் சுடிதார் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிந்து, ஒரு பழைய மாணவனிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தீர்கள். பாலத்தடி டீக்கடைக்காரர் பதினைந்தாவது தடவையில் பொறுக்க முடியாமல் கேட்டார்:

"டீச்சர், அந்தப் பக்கம் ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"ஆமாங்க, ஆறு கிலோ. அஞ்சு தொலைச்சிட்டேன், இன்னும் ஒண்ணு பாக்கி."

உண்மையாகவே ஆவணி முடிவதற்குள் ஆறும் போய்விட்டது. உங்களிடம் சொல்லவில்லை, அன்றைக்கு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. துறைமுகத்தில் நான் பார்க்கிற ஆட்களில் பாதிப் பேர் ஒரு வேலையை மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஒரே மாதிரி செய்ய மாட்டார்கள். நீங்கள் தொண்ணூறு நாள் செய்தீர்கள்.

ஆவணியில் ஒருநாள் கேட்டீர்கள். "ஒரு தடவ நிஜ மலையில போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா? பரீட்சைக்கு முன்னாடி ஒரு மாடல் பரீட்சை மாதிரி?"

"தேவையில்ல டீச்சர். ரெண்டு நாள் லீவு வேஸ்ட். சக்தி சக்திதான், மலைன்னா என்ன காத்துன்னா என்ன?"

என் பேச்சை நம்பினீர்கள்.

இப்போது என் தப்பை எழுதுகிறேன். ஸ்டெப் ஸ்டெப்பாக.

மலைக்காக உங்கள் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் ஒன்றைப் போட்டேன். அதுதான் கடைசி கியர். மிக லேசாகச் சுற்றும், செங்குத்தான ஏற்றத்துக்கு மட்டும் ஆகும். மாட்டிவிட்டுச் சைக்கிளைக் கவிழ்த்துக் கையால் சுற்றினேன். செயின் அழகாக ஏறி உட்கார்ந்தது. முடிந்தது என்று எழுந்துவிட்டேன். நம் ஊரில் அந்தக் கியரைப் போட்டு ஓட்டவே முடியாது. கால் சும்மா காற்றில் சுற்றும். எவ்வளவு எதிர்காற்று அடித்தாலும் அது தேவைப்படாது. அதனால் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்து, பாரம் கொடுத்து மிதிக்கும்போது அது என்ன செய்யும் என்று நான் பார்க்கவேயில்லை. செயின் அந்தப் பல்சக்கரத்தைத் தாண்டி உள்ளே போகாமல் தடுக்க ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. அது அரைச் சுற்று தளர்ந்திருந்தது. மலையூர்க்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். வீட்டை விட்டுக் கிளம்பியதுமே அந்தக் கியரைப் போட்டிருப்பான். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உற்றுப் பார்க்க வேண்டிய ஊரில் பிறந்த நான்தான் செய்ய முடியும்.

புரட்டாசியில் அந்த நாள் வந்தது. எண்பது கிலோமீட்டர் சமவெளியை நீங்கள் மிதித்த அழகை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை. எதிர்காற்றில் பழகிய கால். உங்களில் பாதி வயதுப் பிள்ளைகள் உங்கள் பின்னால் ஒதுங்கி வந்தார்கள். பதினொன்றே காலுக்கு அடிவாரம். மாலை நான்கு மணிக்குள் மேலே ஏரிக்கரையைத் தொட வேண்டும். அடிவாரத்தில் நாம் பிரிவது என்று முன்னமே பேசியிருந்தோம். எனக்கு என் நேரம், உங்களுக்கு உங்கள் நேரம்.

மலை ஏறும்போதுதான் என் கணக்கின் இன்னொரு ஓட்டையும் தெரிந்தது. எதிர்காற்று காலை இழுத்தாலும் உடம்பைக் குளிர்விக்கும். மேட்டில் காற்றே இல்லை. நானே கொதித்துப்போனேன். பன்னிரண்டாவது வளைவில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"தம்பி, பதினொண்ணாவது வளைவுல நிக்கிறேன். கடைசி கியர் போட்டேன். செயின் உள்ள போயி மாட்டிக்கிச்சு."

இறங்கி வந்தேன். செயின் பல்சக்கரத்தைத் தாண்டிக் கம்பிகளுக்குள் சொருகிக்கொண்டு, கியர் மாற்றும் பாகத்தையும் இழுத்து வளைத்திருந்தது. நீங்கள் சுவரோரம் உட்கார்ந்து, வளைவு எண் எழுதிய பலகையின் நிழலில் தலையை மட்டும் வைத்திருந்தீர்கள். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. வெட்டி இழுத்து, திருகி, கடைசியில் செயினை நடுக் கியரில் நிறுத்தி இறுக்கத்தான் முடிந்தது. அந்த ஒரு கியர்தான். செங்குத்தான இடத்தில் அதை உங்களால் மிதிக்க முடியாது. என் சைக்கிளைத் தருகிறேன் என்றேன். அதில் ஏறி உட்கார்ந்தால் உங்களுக்குக் கால்கூட எட்டவில்லை.

"தள்ளிட்டு ஏறலாமா? விதியில இருக்கா?"

"சைக்கிளோட போய்ச் சேரணும். அவ்வளவுதான் இருக்கு. ஆனா டீச்சர்…"

"மணி என்ன?"

"ஒண்ணு அம்பது."

"எவ்வளவு தூரம்?"

"ஒன்பது."

மூச்சு வாங்கிக்கொண்டே கணக்குப் போட்டீர்கள், வகுப்பில் போடுகிற அதே குரலில். "நூத்தி முப்பது நிமிஷம் இருக்கு. தள்ளிட்டு நடந்தா கிலோமீட்டருக்குப் பதினஞ்சு நிமிஷம். ஒன்பதுக்கு நூத்தி முப்பத்தஞ்சு. அஞ்சு நிமிஷம் இடிக்குது. மேல போகப் போகச் சரிவு குறையும்ல? அங்க அஞ்சு நிமிஷத்த ஓட்டிப் பிடிச்சிடலாம். நீ போ."

"நான் கூட வர்றேன் டீச்சர்."

"எதுக்கு? நீ தள்ளினா என் சைக்கிள் ஏறுமா? நீ முடிச்சா ஒரு புள்ளைக்கு. நான் முடிச்சா இன்னொரு புள்ளைக்கு. ரெண்டு பேரும் இங்க நின்னு வருத்தப்பட்டா யாருக்கு? போடா."

நான் போனேன். இதை எப்படி எழுதினாலும் நான் போனேன் என்றுதான் வரும். என் தப்பால் நின்றவரை வெயிலில் விட்டுவிட்டுப் போனேன். போகச் சொன்னது நீங்கள்தான், கணக்கும் சரிதான். ஆனாலும் மீதி ஒன்பது கிலோமீட்டரும் நான் முன்சக்கரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

மேலே மூன்று மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். கழுத்தில் ஏதோ மாட்டினார்கள். நான் சாலையோரம் போய் நின்றுகொண்டேன். மூன்று இருபது. மூன்று நாற்பது. டிரஸ்ட் ஆள் ஒருவர் வந்து, "உங்க டீச்சரைப் பின்னாடி வர்ற வேன்ல ஏத்திடச் சொல்லிட்டோம் சார், கவலைப்படாதீங்க" என்றார். "அவங்க ஏறினாங்களா?" என்று கேட்டேன். அவர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

பிறகு அந்த வேன் டிரைவர் சொன்னார்: "மூணு தடவ கதவத் தொறந்தேன் சார். ரெண்டு தடவ வேண்டாம்பான்னு மரியாதையாத்தான் சொன்னாங்க. மூணாவது தடவ நின்னு என்னைப் பார்த்து, நீ எந்த ஸ்கூல்ல படிச்சே, ஒருதடவ சொன்னா புரியாதான்னாங்க. நான் கதவச் சாத்திட்டேன் சார். அப்புறம் ஏரி வர்ற வரைக்கும் தொறக்கல."

மூன்று ஐம்பத்தாறுக்கு நீங்கள் திருப்பத்தில் தெரிந்தீர்கள். தள்ளிக்கொண்டு அல்ல, ஏறி மிதித்துக்கொண்டு. இடுப்பை ஆட்டிக்கொண்டுதான். நான் கத்தவில்லை. ஐம்பத்தெட்டுக்குக் கோட்டைத் தாண்டினீர்கள். யார் யாரோ கைதட்டினார்கள். எனக்குக் கை தூக்கவே வரவில்லை. நீங்கள் இறங்கி, சைக்கிளை என்னிடம் கொடுத்து, மூச்சு நிலைக்கு வரும் வரைக்கும் காத்திருந்து, முதலில் கேட்டது இதுதான்:

"ஏன் உள்ள போச்சு?"

சொன்னேன். ஸ்க்ரூ, பாரம், கையால் மட்டும் சுற்றிப் பார்த்தது, எல்லாம்.

"ஸ்டெப்ப விட்டுட்டே."

"ஆமா டீச்சர்."

"சரி. டீ வாங்கிக் குடு. அடுத்த வருஷம் தள்ளாம ஏறணும்."

அடுத்த வருடம் வரவில்லை. மாசியில் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில், மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துக்க வீட்டில் உங்கள் உறவுக்காரர் ஒருவர் பந்தலில் உட்கார்ந்து, "இந்த வயசுல சைக்கிள், மலைன்னு… அதான் இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு" என்றார். என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் சார் எழுந்தார். அதுவரைக்கும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவர். "ஏய், என் பொண்டாட்டி மலை ஏறினவ. நீ மாடிப்படி ஏறியிருக்கியா? எந்திரிச்சுப் போ" என்றார். அவர் பிரெஞ்சு கலக்காமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல்முறை. நானும் உங்கள் இதயத்தைப் பற்றி என் அறிவுக்கு எட்டியவரை யோசித்துப் பார்த்தேன், டீச்சர். எதுவும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த மலையில் என்னைவிடத் திடமாக இருந்தவர் நீங்கள். அதற்கு நானே சாட்சி.

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

மறுபடி ஆடி. மேல்காற்று தொடங்கிவிட்டது. இந்த வருடம் நம் பக்கத்திலிருந்து ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் சைக்கிளில் ஏறப்போவது நிவேதாவின் அம்மா. அதே உயரம் அவருக்கு, இருக்கையைக்கூட மாற்றவில்லை. இத்தனை வருடம் மொபெட்டில் மீன் கூடையோடு சுற்றிய கை, ஹேண்டிலைப் பிடித்தால் அசைவதில்லை. சின்னவளுக்குக் கருவி வந்ததிலிருந்து வீட்டில் இரண்டு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்தித் தீர்க்கிறார்களாம். "முன்னாடியெல்லாம் எவ்ளோ அமைதியா இருந்துச்சு தம்பி" என்று சிரிக்கிறார். நேற்று பாலத்தில் முப்பதாவது தடவை ஏறி வந்து, "எங்க டீச்சர் தள்ளிக்கிட்டே ஏறினாங்களாமே? நான் ஓட்டிக்கிட்டே ஏறுறேன் பாருங்க. அவங்க விட்டத நான் முடிச்சு வெக்கிறேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சைக்கிளைப் பார்த்துச் சொன்னார்.

இன்று காலை அவரை ஏற்றி உட்கார வைத்தேன். கடைசி கியரைப் போட்டேன். பின்பிரேக்கை நான் பாதி பிடித்துக்கொண்டேன். சைக்கிள் அங்குலம் அங்குலமாக நகர, "முழுப் பலத்தோட மிதிங்க" என்றேன். மலையில்லாத ஊரில் பாரம் கொடுத்துப் பார்க்க இது ஒரு வழி. போன வருடமே தோன்றியிருக்க வேண்டியது. மிதித்தார். செயின் பல்லில் உட்கார்ந்தபடியே இருந்தது. ஐந்து சைக்கிளுக்கும் இதைச் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் வரிசையாக எழுதினேன், விடையை மட்டும் அல்ல. ஏறப்போகிற இந்த ஐந்து பேரும் அந்தக் கடைசி கியருக்கு "டீச்சர் கியர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். யார் தொடங்கியது என்று தெரியவில்லை. நான் திருத்தப் போகவில்லை.

அன்றைக்கு வளைந்துபோன அந்தப் பாகத்தை நான் தூக்கிப் போடவில்லை. என் கருவிப் பையில், ஸ்பானர்களுக்கு அடியில் கிடக்கிறது. பையைத் திறக்கும்போதெல்லாம் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் மற்றதை எடுக்க வேண்டியிருக்கிறது. இடைஞ்சல்தான். வேண்டும் என்றுதான் அங்கே வைத்திருக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமையிலிருந்து இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறேன். பந்தயத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஐந்து பேரையும், ஐந்து சைக்கிளையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டு அடிவாரத்துக்குப் போகிறோம். நேரம் பார்க்கப் போவதில்லை, யாரையும் விரட்டப் போவதில்லை. சும்மா ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு வர.

நீங்கள் கேட்ட அந்த ஒரு தடவை, டீச்சர்.